டான்சில் எடுத்த பிள்ளையை வீட்டில் பார்த்துக்கொள்வது: முதல் இரண்டு வாரங்கள்

கேள்வி இது: பெண்ணுக்கு 6 வயது, எடை 18 கிலோ. டான்சிலையும் அடினாய்டையும் (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) எடுக்க அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறார்கள், மறுநாளே டிஸ்சார்ஜ். “ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள், சரியாகிவிடும்” என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டில் என்ன செய்ய வேண்டும்? நடுவில் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது?

ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வயிற்றில் ஆபரேஷன் என்றால் தையல் போட்டு மூடி அனுப்புவார்கள். டான்சில் எடுத்த இடத்தில் பெரும்பாலும் தையல் கிடையாது. தொண்டையின் இரு பக்கமும் திறந்த புண்ணாகவே விட்டுவிடுகிறார்கள். அது தானாக ஆற 10 முதல் 14 நாள் ஆகும். அத்தனை நாளும் அந்தப் புண் வழியாகத்தான் பிள்ளை விழுங்க வேண்டும். விழுங்கினால் வலிக்கும், வலித்தால் குடிக்க மாட்டாள், குடிக்காவிட்டால் புண் காய்ந்து வலி இன்னும் கூடும். இந்தச் சுழலை உடைப்பதுதான் வீட்டில் உங்கள் வேலை. இன்னொன்று, ரத்தக் கசிவைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது. ஐஸ்கிரீம் இவற்றுக்குப் பிறகு வரட்டும்.

ஆபரேஷனுக்கு முன்பே சிலவற்றைச் செய்துவிடுங்கள். முந்தைய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ, சளியோடு இருமலோ வந்திருந்தால் போன் செய்து சொல்லிவிடுங்கள். சளி பிடித்த குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது குரல்வளை இறுகிக்கொண்டு மூச்சு அடைபடும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் தேதியைத் தள்ளிவைக்கிறார்கள். லீவு போட்டாயிற்று, சொந்தக்காரர்கள் வந்தாயிற்று என்று சளியை மறைக்க வேண்டாம். 6 வயதில் பால் பல் ஆடிக்கொண்டிருக்கும். எந்தப் பல் என்று மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். லேசாக இடித்தாலே கன்றிப்போவது, அடிக்கடி மூக்கில் ரத்தம், குடும்பத்தில் யாருக்காவது பல் பிடுங்கியபின் ரத்தம் நிற்காமல் போனது, இவை எதுவாக இருந்தாலும் கேட்காமலே சொல்லுங்கள். வெறும் வயிறு என்றால் திட உணவும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் வழக்கமாக 2 மணி நேரத்துக்கு முன்பு வரை கொடுக்கலாம். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. பால் தண்ணீர் கணக்கில் சேராது. அழுகிறாளே என்று கொடுத்த ஒற்றை பிஸ்கட்கூட, மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போகலாம்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்திருப்பார்கள். வாயில் ஊறும் எச்சிலும் ரத்தமும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வெளியே வழிவதற்காக. மல்லாக்கத் திருப்பாதீர்கள். அன்று ஒன்றிரண்டு முறை காப்பிப்பொடி கரைசல் மாதிரி பழுப்பாக வாந்தி வரலாம். அது ஏற்கெனவே விழுங்கிய பழைய ரத்தம். சிவப்பாக வந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

இனி வலி. இரண்டாம் நாள் ஓரளவு நன்றாக இருப்பாள். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரைதான் வலி உச்சத்தில் இருக்கும். பல வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். இரண்டாம் நாள் சிரிக்கிறாள் என்று மருந்தை நிறுத்திவிடுவார்கள். மூன்றாம் நாள் காலை வாயைத் திறக்கவே மாட்டாள். அப்போது மருந்தையே விழுங்க மாட்டாள். அதனால் முதல் ஐந்து நாளாவது, வலிக்கிறதா என்று கேட்டுக் கொடுக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். முதல் மூன்று இரவும் எழுப்பிக் கொடுங்கள், கூடவே நாலு வாய் தண்ணீரும்.

பாராசிட்டமால் அளவு கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. 18 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 270 மி.கி.க்கு மிகாமல். கடையில் கிடைக்கும் பாட்டில்கள் ஒரே மாதிரி இருக்காது. 5 மி.லி.யில் 250 மி.கி. இருக்கும் சிரப் என்றால் 5 மி.லி. போதும். 5 மி.லி.யில் 120 மி.கி. மட்டும் என்றால் 10 முதல் 11 மி.லி. வேண்டும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கிறது. தம்பிக்கு வாங்கி வைத்த சொட்டு மருந்தை எடுத்து “5 மி.லி.” கொடுத்தால் 500 மி.கி. போய்விடும், கிட்டத்தட்ட இரு மடங்கு. 120 சிரப்பில் 5 மி.லி. மட்டும் கொடுத்தால் பாதி அளவுகூடப் போகாது. பிறகு “மருந்து கேட்கவில்லை” என்று சொல்லிக்கொண்டிருப்போம். லேபிளில் “5 மி.லி.யில் எத்தனை மி.கி.” என்ற வரியைப் பார்த்த பிறகே மூடியைத் திறங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கியிருக்கும். சமையலறைக் கரண்டி வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுங்கள். சிரிஞ்சின் முனையைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், தொண்டையை நோக்கி ஒருபோதும் பீய்ச்ச வேண்டாம். கொடுத்த 15 நிமிடத்துக்குள் மொத்தமும் வாந்தியாக வந்துவிட்டால் அந்த வேளையை ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம்.

பாராசிட்டமால் மட்டும் போதாமல் இருந்தால் இபுபுரூஃபன் சேர்க்கச் சொல்வார்கள். கிலோவுக்கு அதிகபட்சம் 10 மி.கி., ஏதாவது சாப்பிட்ட பிறகு. 5 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும் சிரப்பில் 18 கிலோவுக்கு 9 மி.லி. ரத்தம் கசியும் என்று முன்பு இதற்குப் பயந்தார்கள். இப்போது பல நாடுகளில் டான்சில் ஆபரேஷனுக்குப் பின் வழக்கமாகவே கொடுக்கிறார்கள். ஆனாலும் ஆபரேஷன் செய்த டாக்டர் சம்மதித்தால் மட்டும் கொடுங்கள். பாராசிட்டமால் காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 12 என்றால், இபுபுரூஃபனை 9, 3, 9 என்று இடையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் கலந்த சிரப்புகளும் விற்கின்றன. அதையும் தனி பாராசிட்டமாலையும் சேர்த்துக் கொடுத்தால் பாராசிட்டமால் இரண்டு முறை போகும், கல்லீரலைக் கெடுக்கும். ஒரு தாளில் நேரம், மருந்து, அளவு, கொடுத்தவர் பெயர் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டியும் கொடுப்பது அப்படித்தான் நிற்கும்.

தரவே கூடாத மருந்துகள் இவை. ஆஸ்பிரின்: ரத்தம் உறைவதைத் தடுக்கும், குழந்தைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோயும் வரலாம். நிமெசுலைடு என்ற வலி, காய்ச்சல் மருந்து: 12 வயதுக்குக் கீழே கொடுக்க இந்தியாவில் 2011 முதல் தடை. கோடீன் கலந்த இருமல் மருந்து: சில பிள்ளைகளின் கல்லீரல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், தூக்கத்தில் மூச்சு மந்தமாகி நின்றே போகும். டான்சில் ஆபரேஷனுக்குப் பின் குழந்தைகள் இப்படி இறந்ததைப் பார்த்துத்தான் அமெரிக்க மருந்துத் துறை 2013ல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017ல் 12 வயதுக்குக் கீழே கோடீன் கூடாது என்றே சொல்லிவிட்டது. டிரமடால் என்ற வலி மருந்தும் அப்படித்தான். அப்பாவின் பழைய இருமல் சிரப் அலமாரியில் இருந்தால் இப்போதே அப்புறப்படுத்துங்கள்.

காது வலிக்கிறது என்று அழுவாள். காதில் ஒன்றும் இருக்காது. தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் புண்ணின் வலி காதில் தெரிகிறது. சூடு பண்ணின எண்ணெய், பூண்டுச் சாறு என்று காதில் எதையும் ஊற்றாதீர்கள். அந்த வேளை வலி மருந்து போனால் காது வலியும் குறையும்.

குடிப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மி.லி., அதற்கு மேல் 20 கிலோவரை கிலோவுக்கு 50 மி.லி. உங்கள் பெண்ணுக்கு 1000 மி.லி.யும் 400 மி.லி.யும் சேர்ந்து நாளுக்கு 1400 மி.லி. கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் இதில் அடங்கும். ஒரு டம்ளரை நீட்டி “குடி” என்றால் எந்தப் பிள்ளையும் குடிக்காது. விழித்திருக்கும் 14 மணி நேரத்துக்கு மணிக்கு 100 மி.லி. என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் 25 மி.லி. ஊற்றி, கால் மணிக்கு ஒரு முறை. மருந்து கொடுத்த அரை மணி கழித்து வலி அடங்கியிருக்கும். சாப்பாடு கொடுக்க அதுதான் நல்ல நேரம். 6 முதல் 8 மணிக்கு ஒரு தடவையாவது சிறுநீர் போகிறாளா, நிறம் வெளிறிய மஞ்சளா என்று பாருங்கள். 12 மணி நேரம் போகவே இல்லை, உதடு காய்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், டிரிப்ஸ் தேவைப்படலாம்.

ஐஸ்கிரீம் கொடுங்கள், தப்பே இல்லை. குளிர்ச்சி வலியை மரக்கச் செய்யும். “குளிர்ந்தது கொடுத்தால் சளி பிடிக்கும்” என்று வீட்டில் பெரியவர்கள் பதறினால், சளி பிடிப்பது வைரஸால் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ஆனால் ஐஸ்கிரீமை மட்டும் கொடுத்தால் தொண்டையில் கெட்டியாகப் படிந்து, பிள்ளை காறிக் காறித் துப்பப் பார்ப்பாள். புண்ணுக்கு அது நல்லதில்லை. சாப்பிட்ட பின் இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள். ஆறின அரிசிக் கஞ்சி, குழைந்த பருப்பு சாதம், தயிர் சாதம், பாலில் ஊறவைத்த இட்லி, இடியாப்பம், மசித்த வாழைப்பழம், இளநீர் எல்லாம் நன்றாக இறங்கும். ஆரஞ்சு, எலுமிச்சை, தக்காளி, புளி, மிளகாய் எரியும். ஆவி பறக்கும் ரசம் வேண்டாம். முறுக்கு, அப்பளம், சிப்ஸ், முறுகல் தோசை, டோஸ்ட் இரண்டு வாரம் கழித்து. ஸ்ட்ரா வேண்டாம், உறிஞ்சும் வேகம் ஒரு பக்கம், அதன் முனை புண்ணில் குத்தலாம் என்பது இன்னொரு பக்கம். ரோஸ்மில்க், மாதுளை, பீட்ரூட், சிவப்பு ஜெல்லி இந்த இரண்டு வாரம் கண்ணில் பட வேண்டாம். வாந்தி சிவப்பாக வந்தால் அது ரத்தமா சாயமா என்று நள்ளிரவில் குழம்ப நேரம் இருக்காது.

மூன்றாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டையின் இரு பக்கமும் வெள்ளையாக, கொஞ்சம் மஞ்சள் கலந்து, கஞ்சியின் மேல் படியும் ஆடை மாதிரி தெரியும். சீழ் என்று பயந்துவிடாதீர்கள். வெளியில் காயம் பட்டால் பொருக்கு தட்டுகிறதே, அதேதான் இது. வாயின் ஈரத்தில் வெள்ளையாக இருக்கிறது. வாய் நாறுவதும் இதனால்தான். உள்நாக்கு வீங்கித் தொங்குவதும் சகஜம். பஞ்சு, விரல், தேன் எதுவும் அங்கே போகக் கூடாது. உள்நாக்கைத் தூக்கிவிடுகிறேன், தொக்கம் எடுக்கிறேன் என்று யாரையும் வாய்க்குள் கைவிட விடாதீர்கள். பல்லை மென்மையாகத் தேய்க்கலாம், வாயில் தண்ணீர் விட்டுத் துப்பலாம். தலையை அண்ணாந்து கொப்பளிக்க வேண்டாம்.

அந்த வெள்ளை ஆடை ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் உரியத் தொடங்கும். அடியில் இருக்கும் புது ரத்தக் குழாய்கள் அப்போது வெளியே தெரியும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பின் ரத்தம் வருவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். அதாவது அவள் ஓடியாடத் தொடங்கி, நீங்களும் கொஞ்சம் அசந்திருக்கும் நேரத்தில். நூற்றில் சில பிள்ளைகளுக்குத்தான் வரும். ஆனால் வரும்போது வேகமாக வரலாம்.

வாயிலிருந்து ரத்தம் வழிந்தால் யாருக்கும் தெரியும். தெரியாமல் போவது தூங்கும் பிள்ளையின் ரத்தம். கசிவதையெல்லாம் விழுங்கிக்கொண்டே தூங்குவாள், தலையணையில் ஒரு துளிகூட இருக்காது. இரவு விளக்கு வெளிச்சத்தில் அவள் கழுத்தைப் பாருங்கள். தூக்கத்தில் எப்போதாவது ஒரு முறை விழுங்குவது இயல்பு. சில நொடிக்கு ஒரு முறை தொண்டை ஏறி ஏறி இறங்கினால் எழுப்பி உட்கார வைத்து, வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கூடவே முகம் வெளிறுவது, கை கால் சில்லிடுவது, அமைதியாகப் படுத்திருந்தும் நாடி நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, இவையெல்லாம் ரத்தம் போவதன் அடையாளம். குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும், நாடி முதலில் ஏறும்.

18 கிலோ பிள்ளையின் உடலில் மொத்த ரத்தமே சுமார் 1350 மி.லி.தான். ஒரு டம்ளர் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் 200 மி.லி. போனால் ஏழில் ஒரு பங்கு போயிற்று என்று அர்த்தம். எச்சிலில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு வந்து நின்றால்கூட டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பெரிய கசிவுக்கு முன் சின்னதாக ஒன்று வந்து நிற்பது உண்டு. புது ரத்தம் ஒரு ஸ்பூனாக இருந்தாலும், கட்டியாக வந்தாலும், அங்கேயே நின்றுவிட்டாலும், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முன்பக்கம் குனிந்து உட்கார வைத்து, ஒரு பாத்திரத்தில் துப்பச் சொல்லுங்கள், விழுங்க விடாதீர்கள். தூக்கக் கலக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். திரும்ப மயக்க மருந்து தேவைப்படலாம். ரத்தம் ஓடினால் 108ஐக் கூப்பிடுங்கள். துப்பின பாத்திரத்தையும் துணியையும் கையோடு எடுத்துப் போங்கள், எவ்வளவு போயிருக்கிறது என்று அங்கே கணிப்பார்கள். இந்த நாட்களில் ஊருக்கு, குலதெய்வம் கோயிலுக்கு என்று இஎன்டி டாக்டர் இல்லாத இடத்துக்குப் போகாமல் இருப்பது இதற்காகத்தான்.

காய்ச்சலுக்கு வருவோம். முதல் இரண்டு நாள் 100, 100.4 டிகிரி வரை இருப்பது சகஜம். பெரும்பாலும் குடிப்பது போதாததால்தான், தண்ணீரைக் கூட்டினால் இறங்கும். 101.5க்கு மேல் போனாலோ, மூன்று நாள் கழித்துப் புதிதாக ஏறினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். ஐஸ் தண்ணீரில் துடைக்காதீர்கள். நடுக்கம் எடுத்து உடல் சூடு இன்னும் ஏறும். மெல்லிய பருத்திச் சட்டை, மின்விசிறி, வேண்டுமானால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணி போதும். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் ஆபரேஷன் என்றால் டெங்குவையும் நினைவில் வையுங்கள். காய்ச்சல் திடீரென்று ஏறி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி என்றால் இபுபுரூஃபனை உடனே நிறுத்துங்கள், பாராசிட்டமால் மட்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும் நோயில், திறந்த புண்ணோடு இருக்கும் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது.

வீட்டில் சின்னவனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தால் (6 மாதம் முதல் 5 வயதுவரை வரக்கூடியது) ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். கையில் சாவி கொடுப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. சளியோடு மூச்சு வேகமாக இருந்தால் சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முடிந்து 1 வயதுவரை 50ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயதுவரை 40ம் அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுத்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள். இருமலுக்குத் தேன் கொடுக்கலாம், 1 வயது முடிந்தவர்களுக்கு மட்டும். ஆபரேஷன் ஆனவளைச் சளி பிடித்தவரிடமிருந்து தள்ளிப் படுக்க வையுங்கள். பலமான இருமலும் தும்மலும் புண்ணுக்கு ஆகாது.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ்.தான். பெரிய பாக்கெட் முழுவதையும் சரியாக 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சமாகக் கொட்டிக் கரைத்தால் உப்பு கூடிப் போக்கு அதிகமாகும். 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, அட்டையைப் படித்துப் பாருங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். அவள் வயதுக்கு ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் 100 முதல் 200 மி.லி., வழக்கமாகக் குடிக்கும் 1400க்கு மேல் இது தனி. கடையில் விற்கும் இனிப்பு எலக்ட்ரோலைட் பானங்கள் இதற்கு மாற்று இல்லை. ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் போக்குக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதல் வாரம் குறட்டை முன்பைவிடக்கூட அதிகமாகக் கேட்கும், உள்ளே வீக்கம் இருப்பதால். தலையைக் கொஞ்சம் உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்கு. அடினாய்டும் எடுத்திருப்பதால் கழுத்து லேசாக வலிக்கும். ஆனால் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து திருப்பவே முடியாமல் நின்றுவிட்டால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துவிடாதீர்கள். கழுத்து எலும்பு மூட்டு விலகியிருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

பள்ளிக்கு 10 முதல் 14 நாள் கழித்து அனுப்பலாம். ஓட்டம், குதிப்பு, நீச்சல் இரண்டு வாரம் முடியும்வரை வேண்டாம், பி.டி. டீச்சருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். மூக்கால் பேசுவது போல் குரல் மாறியிருக்கும், குடித்த தண்ணீர் சில சமயம் மூக்கு வழியாக வரும். அண்ணத்துக்குப் பின்னால் அடினாய்டு அடைத்திருந்த இடம் காலியாகிவிட்டதால், அண்ணம் இனி முழுதாகத் தூக்கி மூடப் பழக வேண்டும். பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். மூன்று மாதம் கழித்தும் பேச்சு மூக்கிலேயே நின்றால் இஎன்டி டாக்டரிடம் திரும்பக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்வார்.